வாழையிலை விரித்த சப்பாத்து

1

திருவிதாங்கூரில், சாலைக் கடைத்தெருவில், ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று சாயங்காலம் கடைக்குள்ளே நின்று வியாபாரம் பார்த்தவர்களுக்கு நேற்று நான் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை. நானும் ஒரு காலத்தில் அங்கே நின்றவன்தான். இப்போது நிற்பது அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்பானியர் ஆளும் கனாரித் தீவுகளில், லாஸ் பால்மாஸ் என்ற துறைமுகப் பட்டினத்தில். ஒரு சிந்தி சேட்டின் பட்டுக்கடை. கொழும்புக் கிளையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவனை, வாய் நன்றாக ஓடுகிறது என்று சேட்டு கப்பலேற்றி இங்கே அனுப்பினார். அன்று முதல் வாய் ஓடிக்கொண்டிருக்கிறது. கால்தான் இந்த வருஷம் ஓடமாட்டேன் என்கிறது.

இன்று ஜனவரி ஆறு. கடைக்கு விடுமுறை. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் இருபத்தைந்தோடு சரி. இங்கே அன்றைக்குக் கோயில், சாப்பாடு, அவ்வளவுதான். குழந்தைகளுக்குப் பரிசு கிடைப்பது இந்த ஆறாம் தேதி. குழந்தை யேசுவைப் பார்க்க ஒட்டகத்தில் போன மூன்று ராஜாக்கள், வருஷா வருஷம் அந்த வழியே திரும்ப வருகிறார்களாம். ஐந்தாம் தேதி சாயங்காலமே பிள்ளைகள் தங்கள் கால் சப்பாத்தைத் துடைத்து வாசலிலோ ஜன்னலிலோ வைத்து, அதில் ஒரு பிடி புல்லும் போட்டுவிடுவார்கள். புல் ஒட்டகத்துக்கு. விடிந்து பார்த்தால் புல் இருக்காது, பொம்மையும் பலகாரமும் இருக்கும். அடங்காத பிள்ளைக்கு மட்டும் ஒரு துண்டுக் கரி. இது கப்பல்களுக்குக் கரி ஏற்றும் துறைமுகம். கரிக்குப் பஞ்சமே இல்லை.

பரிசு வாங்கும் கூட்டம் ஐந்தாம் தேதி கடைசி நேரம் வரைக்கும் கடையை விடாது. நேற்று ஒரு மீன்காரி என் நரைத்த தலையைப் பார்த்து, "என் குழந்தாய், இந்தச் சால்வையைக் குறைத்துக் கொடு. இந்த வருஷம் ராஜாக்கள் ரொம்ப ஏழை" என்றாள். இங்கே யாரைக் கூப்பிட்டாலும் என் குழந்தாய்தான். நாஞ்சில் நாட்டுப் பெண்கள் எண்பது வயதுக் கிழவரையும் "மக்கா" என்பது போல. கரி மூட்டை சுமக்கும் ஒருவர் மகளுக்கு ஒரு விசிறி வாங்கினார். "என் வீட்டில் ராஜா நான்தான் ஐயா" என்றார், முதுகைத் தடவிக்கொண்டே. "என்ன செய்ய, ஒட்டகமும் நான்தான்."

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனால் அந்தப் பேச்சை வீடு வரைக்கும் வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தேன்.

2

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி பீனோ அம்மாள். விதவை. இந்தப் பண்டிகை நாட்களில் அவள் அடுப்பு அணையாது. சீனிக்கிழங்கை வேக வைத்து, பாதாம் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, மாவுக்குள் வைத்து மடித்துப் பொரிப்பாள். பெயர் த்ரூச்சா. என் மனைவி வடிவு முதல் முறை அதைத் தின்றபோது, "சோமாசுதான். பேரைத்தான் மாத்தியிருக்கா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ராஜாக்கள் நாளன்று வளையம் போல ஒரு பெரிய ரொட்டி வரும். உள்ளே ஒரு மொச்சைக்கொட்டையை ஒளித்திருப்பார்கள். யார் துண்டில் அது அகப்படுகிறதோ அவர்தான் அடுத்த வருஷத்து ரொட்டிக்குப் பொறுப்பு. வடிவுக்கு அது பல்லில் அகப்பட்டது. "தின்னக் குடுத்துட்டு அதுக்குள்ள பொறி வைக்கிறவா உண்டா?" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

வடிவு இந்தப் பாஷையில் சந்தைக்கு வேண்டியதை மட்டும் கற்றாள். அவள் படிக்க வேண்டியிராத ஒரே சொல் சப்பாத்து. அவர்களும் சபாத்தோ என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் மகள் பாரு கதை வேறு. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. எட்டு வயதானபோது நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஸ்பானியத்தில் பதில் சொன்னாள். கன்னிகாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் கூடப்படித்த பெண்கள் வெள்ளை உடுப்புப் போட்டு, கோயிலில் முதல் தரம் அப்பம் பெறுகிற 'முதல் நன்மை' வாங்கினார்கள்; தனக்கும் அந்த உடுப்பு வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தாள். குடியிருப்பு அனுமதிக்குப் போன இடத்திலும் இதே கதைதான். இங்கே எல்லாருக்கும் தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர் வேண்டும். எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "திருவிதாங்கூர் பிரஜை, பிரிட்டிஷ் பாதுகாப்பு" என்று நான் விளக்க விளக்க அவன் முகம் இருண்டது. பக்கத்தில் நின்ற பாரு எட்டி, தன் பெயருக்குப் பின்னால் பீனோ அம்மாளின் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னாள். குமாஸ்தா சந்தோஷமாக எழுதப்போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் வடிவு அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "இவள மைனிகிட்ட கொண்டு விட்டுருவோம். நமக்குப் பிள்ளையா இருக்கணும்னா நம்மகூட இருக்கப்படாது போல."

மைனி என்றது என் அக்காள் பொன்னம்மையை. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அத்தான் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. பாருவை விடுகிறோம் என்று தெரிவித்தபோது அக்காள் கேட்டு எழுதிய ஒரே கேள்வி, அவள் தலையணை வைத்துப் படுப்பாளா, வைக்காமலா என்பதுதான்.

3

இது நடந்து மூன்று வருஷமாகிறது.

கொழும்பு, தூத்துக்குடி, செங்கோட்டை, கொல்லம் என்று மாறி மாறித் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினோம். கப்பலில் அழத் தொடங்கிய பாரு அங்கேயும் நிறுத்தவில்லை. குதிரைவண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "மோள் எதுக்காக்கும் இப்படிக் கரையுது சாறே? பசிக்குதோ?"

"வீட்டுக்குப் போகணுமாம்" என்றேன்.

"வீட்டுக்குத்தானே போறோம்!" என்று அவர் குதிரையைத் தட்டினார்.

அக்காள் வாசலிலேயே நின்றாள். பாருவை இரண்டு கையாலும் வாரி, நெட்டி முறித்து, முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். "எலே, நம்ம அம்மைக்க மூக்கு! அப்படியே கொண்டுட்டு வந்துட்டாளே!" மாடத்தில் பிள்ளைக்கென்று புதுக் கண்ணாடி, சீப்பு, பூப்போட்ட பித்தளைத் தம்ளர். பாரு அத்தையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்தாள். கழற்றினால் இருந்துவிட்டதாக ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

நாங்கள் இரண்டு வாரம் இருந்து, அவளை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவளிடமும் சொல்லியாயிற்று. தினமும் ஒரே பதில்தான்: "நான் இருக்கமாட்டேன்."

கப்பலிலும் ரயிலிலுமாக எனக்குத் தேதி விட்டுப்போயிருந்தது. அங்கே அது மார்கழி மாதம், அவ்வளவுதான் தெரியும். ஒரு சாயங்காலம் பாருவைப் பழவங்காடிக்குக் கூட்டிப் போனேன். சிதறுகாய் உடைகிற சத்தம், தேங்காய்த் தண்ணீர் ஓடுகிற கல், கற்பூர வாசனை. வந்த நாள் முதல் எதையும் கேட்காத பிள்ளை, கோயில் வாசலில் ஒரு கிழவியின் கூடையைக் காட்டி, "அப்பா, அது வேணும்" என்றாள். தமிழில் சொன்னாள்.

கூடையில் இருந்தது அருகம்புல் கட்டு.

என் நெஞ்சு நிறைந்ததை எப்படிச் சொல்ல! பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்த வேண்டும் என்று என் மகளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். சந்நிதியில் வைக்கச் சொன்னபோது மார்போடு அணைத்துக்கொண்டாள். சரி, வீட்டுப் பிள்ளையாருக்காக்கும் என்று விட்டுவிட்டேன். அக்காளிடம் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இரத்தம்லே. எங்க போனாலும் இரத்தம் சொல்லும், கேட்டியா" என்றாள்.

4

மார்கழியில் அக்காள் இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகுவாள். மறுநாளும் அப்படித்தான் விளக்கோடு கதவைத் திறந்திருக்கிறாள். கோலமிடுகிற இடத்தில், வீட்டைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு ஜோடித் தோல் சப்பாத்து. அதற்குள்ளே பிள்ளையாரின் அருகம்புல்.

அக்காள் கூச்சல் போடவில்லை. எங்களை எழுப்பவும் இல்லை. புல்லை உதறிப் பசுவுக்குப் போட்டாள். சப்பாத்தை ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு போய், புறக்கடையில் பல் தேய்க்கவும் பாத்திரம் விளக்கவும் கரி கொட்டிவைக்கிற மூலையில் எறிந்தாள். வாசலை இன்னொரு தரம் சாணி கரைத்துத் தெளித்துவிட்டு, கோலத்தைப் போட்டு, பிள்ளை செய்த பிழைக்குத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறுதல்.

பாரு எழுந்து வாசலுக்கு ஓடினாள். பிறகு வீடெல்லாம் தேடியிருக்கிறாள். நான் பல் தேய்க்கப் புறக்கடைக்கு வந்தபோது அவள் கரிக்குவியலின் முன்னால் நின்றிருந்தாள். கையில் ஒரு சப்பாத்து. அதைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து கரித்துண்டுகள் விழுந்தன.

அப்போதுதான் எனக்கு அன்றைய தேதி விளங்கியது.

அவள் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. பல வாரமாக அழுத பிள்ளை, கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பானியத்தில் நிதானமாகச் சொன்னாள்: "இவ்வளவு தூரம் வந்து எனக்குக் கரி கொடுத்திருக்கிறார்கள், அப்பா. அவ்வளவு கெட்டவளா நான்? சரி. நான் இங்கேயே இருக்கிறேன்."

நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்க முடியாத சம்மதம். வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை.

5

காப்பி குடிக்கும்போது அக்காளிடமும் வடிவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜாக்கள், ஒட்டகம், புல், கரி.

"ஒட்டகத்துக்கா புல்லு?" என்றாள் அக்காள். "அத எனக்கிட்ட சொல்லப்படாதா? நான் ஒரு கட்டு வைக்கோலே குடுத்திருப்பேனே!"

"எனக்கே ஓர்மை இல்ல அக்கா."

"கரின்னா கெட்ட பிள்ளைன்னு அர்த்தமா? நான் தினம் பல்லு தேய்க்கேன் அதுல." அக்காள் தம்ளரைக் கீழே வைத்தாள். "சப்பாத்துக்குள்ளயா பலகாரம் வைப்பா? திங்கற சாமானையா?"

"அங்க அப்படித்தான் மைனி" என்றாள் வடிவு. "நானும் ஆரம்பத்துல மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் வச்சேன்."

அன்று பிற்பகல் முழுக்க அக்காள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சிறுபயறு வறுத்துத் திரித்துக் கருப்பட்டிப் பாகில் பிடித்து, மாவில் முக்கிப் பொரித்தாள். முந்திரிக்கொத்து. நாஞ்சில் நாட்டில் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் செய்கிற பலகாரம். மார்கழியில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அது முடிந்ததும், தோலைத் தொடவே கூசுகிறவள், சீயக்காய் போட்டு அந்தச் சப்பாத்தைக் கழுவி அடுப்பின் சூட்டில் காயவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளே பாருவை எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தாள். கோலத்துக்குச் சற்று ஒதுக்கமாக, இரண்டு சப்பாத்தும் இருந்தன. ஒவ்வொன்றிலும் நுனியோடு ஒரு துண்டு வாழையிலை. இலைமேல் முந்திரிக்கொத்து.

பாரு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராசாக்க நேத்தே வந்திருக்கணும் மக்கா" என்றாள் அக்காள். "கொல்லத்துல ரயில் மாறணும்லா? ஒட்டகத்துக்கு டிக்கெட்டு இல்லைன்னு ஸ்டேஷன் மாஸ்டர் நிறுத்திப் போட்டாராம். அதான் தாமசம். அந்தக் கரி நான் போட்ட கரி. ராசா போட்டது இல்ல, கேட்டியா?"

அக்காளின் வேகப் பேச்சு பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்று நான் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் ஒட்டகத்தை நிறுத்திய இடத்தில் பாரு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு. அவள் ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது, ஓர் இலை திரும்பிக் கிடப்பதைப் பார்த்த அக்காள், "பொறு மக்கா" என்று அதைச் சரிசெய்தாள். "நுனி எடப்பக்கம் இருக்கணும். சப்பாத்தா இருந்தா என்ன, எலை எலைதான்."

பாரு கடித்தாள். மென்றாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, வேகமாக, ஸ்பானியத்தில் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் அக்காள்.

"ரொம்ப நல்லா இருக்காம்."

"எலே, எனக்கு அந்தப் பாஷை தெரியாது. உனக்க மூஞ்சி தெரியும். என்ன கேட்டா?"

வடிவுதான் சொன்னாள், மெதுவாக. "கரி இல்லைன்னு ஆயிட்டுல்லா, இனி நம்ம வீட்டுக்குப் போலாமான்னு கேக்கா, மைனி."

அக்காள் பிள்ளையின் உதட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டாள்.

"போலாம்னு சொல்லு."

"அக்கா, கொஞ்ச நாள் போனா பழகிரும்..."

"பழகும். பூஜப்புரை ஜெயில்ல கிடக்கவனுக்கும்தான் பழகுது" என்றாள் அக்காள். "எனக்குப் பிள்ளை வேணும்லே. ஆசையாத்தான் இருக்கு. கண்ணாடி, சீப்பு எல்லாம் வாங்கி வச்சுட்டு இருக்கேன். ஆனா தண்டனைன்னு நினைச்சு இருக்க பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? தினம் கதவத் திறக்கும்போதெல்லாம் அது வழியப் பாத்துட்டு நிக்கும். அத நான் பாத்துட்டு நிக்கணும். கூட்டிட்டுப் போ."

தம்பானூருக்கு அவள் வரவில்லை. மாடு கன்று போடுகிற சமயம் என்று காரணம் சொன்னாள். கன்று போட அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

6

அன்று முதல் மூன்று வருஷமாகப் பாரு எங்களோடு இங்கேதான். நாங்கள் பயந்ததில் பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. கனவும் கணக்கும் ஸ்பானியத்தில்தான். கோபம் வந்தால் மட்டும் "சவம்" என்கிறாள். அதை எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. வெள்ளை உடுப்பைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அதனால் எங்களுக்குச் சந்தோஷமா என்றால், அதுவும் இல்லை. ஆசைப்பட்டதை ஒரு பிள்ளை பேசாமல் விட்டுவிடுவது பார்க்க நன்றாயிருப்பதில்லை.

அந்தப் பித்தளைத் தம்ளர் இன்னும் மாடத்தில்தான் இருக்கிறதாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். அக்காள் அதில் வேறு யாருக்கும் காப்பி கொடுப்பதில்லையாம்.

இந்த வருஷம் பாரு பெரிய பெண்ணாகிக்கொண்டு வருகிறாள். பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். "ராஜாக்கள் யார் என்று எனக்குத் தெரியும்" என்று போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள். வடிவு என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். ஆக, இனி ஜன்னலில் சப்பாத்து இல்லை, அதற்குள் எதையாவது வாங்கிவைக்கிற அலைச்சலும் இல்லை. நிம்மதி என்றுதான் நினைத்தேன். நேற்றுக் கடையை அடைத்துவிட்டு மேடேறி வரும்போது அந்த நிம்மதி காலைவிட அதிகமாகக் கனத்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிப் போட்டவன் அப்படியே படுத்துவிட்டேன்.

இன்று காலை அதைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. பீனோ அம்மாள் தன் வாசலிலிருந்தே சிரித்தாள். "என் குழந்தாய், இந்த வயதில் உனக்கு ராஜாக்கள் வந்திருக்கிறார்கள். உன் மகள் என்னிடம் த்ரூச்சா கேட்டாள், கொடுத்தேன். என் தோட்டத்தில் வந்து வாழையிலையையும் கிழித்துக்கொண்டு போனாள். அது எதற்கு என்றால், சும்மா வைத்தால் அத்தை திட்டுவாள் என்கிறாள். யார் அந்த அத்தை?" அத்தை என்பதை மட்டும் அவள் தமிழிலேயே சொன்னாள்.

ஜன்னலில் என் பழைய சப்பாத்து இருந்தது. குதிகால் தேய்ந்து, வாய் பிளந்த கறுப்புச் சப்பாத்து. பாரு அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். இந்தத் தீவு முழுக்க வாழைத்தோட்டம்தான். ஆனால் இங்கே இலையில் யாரும் சாப்பிடுவதில்லை. உள்ளே ஒரு துண்டு இலை, அதன்மேல் சர்க்கரை தூவிய ஒரு த்ரூச்சா.

எடுப்பதற்கு முன் குனிந்து பார்த்தேன். நுனி இடப்பக்கம்தான் இருந்தது.